மூடியின் உட்பக்கம்

என் தம்பி செல்வத்துக்கு, அக்கா எழுதுகிறேன்.

நீ இருந்தபோது உனக்கு நான் எழுதியவை எல்லாம் அரைப் பக்கக் கடிதங்கள். அம்மா சுகம், இங்கே மழை, குளிரில் வெளியே அலையாதே. அதற்கு மேல் எனக்கு எழுத வந்ததில்லை. இன்று நீளமாக எழுதப் போகிறேன், அதுவும் பத்திரிகையில், ஊர் படிக்க. உன்னைப் பற்றி இந்த ஊர் ஒரு செய்தியை நம்பிக்கொண்டிருக்கிறது. மேடை போட்டு ஒலிபெருக்கியில் சொன்னதை நான் வீட்டுக்குள் உட்கார்ந்து மறுத்தால் யாருக்குக் கேட்கும்?

இங்கே காட்டுத்தீப் புகைமூட்டம் இன்னும் விலகவில்லை. காலையில் புக்கிட் காத்திலிலிருந்து ஜாசின் பள்ளிக்குக் கார் ஓட்டிப் போகும்போது சூரியன் செம்பனை மரங்களுக்கு மேலே வெறும் சிவப்பு வட்டமாக நிற்கிறது, கண் கூசாமல் பார்க்கலாம். பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு என்னிடம் ஆறாம் படிவப் பௌதிகம் படிக்கிறார்கள். அம்மாவுக்கு இருமல். மற்றபடி அவர் குரல் குறையவில்லை.

ஊர்ச் சங்கத்தில் உன் பெயரில் ஒரு பரிசு வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மேடையில் கட்டிய துணியில் எழுதியிருந்ததை நான் இரண்டு முறை படித்தேன். நம் எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை விண்மீனில் கண்டுபிடித்த நியாலாஸ் தோட்டத்துப் பிள்ளை என்று எழுதியிருந்தார்கள். அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். அவர் மாலையைக் கழற்றாமல் வீடு வரைக்கும் வந்தார்.

அந்தச் செய்தி அவர்களுக்கு எப்படிப் போனது என்று கேட்பாய். உன்னோடு வேலை பார்த்த கென் சொன்னதுதான். உன் சாம்பலை இங்கிலாந்திலிருந்து கையில் எடுத்து வந்தவர் அவர். மலாக்காக் கடலில் கரைத்துவிட்டு வந்த மதியம், நம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீங்கள் இருவரும் ராக்கெட்டில் அனுப்பிய கருவியைப் பற்றிச் சொன்னார். சங்கச் செயலாளர் அம்மாவுக்கு மொழிபெயர்த்தார். நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே எனக்கு ஒரு நெருடல். துக்க வீட்டில் சந்தேகம் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் முன்பு கென் பள்ளிக்கே போன் போட்டார். கட்டுரை எழுதி முடித்துவிட்டாராம். உன் பெயர்தான் முதலில். முதல் பக்கத்தின் அடியில் உன் நினைவாக இரண்டு வரி. குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பார்கள். நான் வரைபடத்தை அனுப்பச் சொன்னேன்.

உனக்குத் தெரிந்ததையே இப்போது உனக்குச் சொல்லப் போகிறேன். படிப்பவர்களுக்காகப் பொறுத்துக்கொள். எப்போதோ வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சம் தென்வானத்தில் கொதிக்கும் வாயுவாகப் பரவிக் கிடக்கிறது. அது எக்ஸ் கதிர்களை வீசுகிறது. அந்தக் கதிர் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் கருவியை ராக்கெட்டில் வைத்து மேலே அனுப்பவேண்டும். கருவிக்குள் நகத்தளவு சிலிக்கான் சில்லு. ஒரு கதிர் விழுந்தால் சில்லில் சில எலெக்ட்ரான்கள் உதிரும். கதிரின் ஆற்றல் கூடினால் உதிர்வதும் கூடும். அதை எண்ணினால் வந்த கதிரின் ஆற்றல் தெரியும். இரும்புக்கு ஓர் ஆற்றல், கந்தகத்துக்கு ஓர் ஆற்றல், கால்சியத்துக்கு ஓர் ஆற்றல். எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். அந்த நிறமாலையில் எந்த இடத்தில் மேடு என்று பார்த்து அங்கே என்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லலாம்.

உங்கள் நிறமாலையில் கால்சியத்தின் இடத்தில் ஒரு மேடு. அவ்வளவு வயதான ஒரு மிச்சத்தில் அவ்வளவு கால்சியம் இருக்கக் காரணமில்லை. இருந்தால் அது புதுச் செய்தி. கென் அதைத்தான் எழுதியிருந்தார்.

பள்ளி ஆபீசின் ஃபேக்ஸ் மெஷினில் அந்தப் படம் வந்தபோது கால்சியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் புடைப்பு தெரிந்தது. முதலில் மெஷினைத்தான் சந்தேகித்தேன். அந்த மெஷின் எல்லாத் தாளிலும் ஒரு கறுப்புக் கறை போடும். மறுபடி அனுப்பச் சொன்னேன். புடைப்பு அதே இடத்தில் வந்தது. அளந்து பார்த்தேன். பொட்டாசியம்.

பொட்டாசியம் எனக்கு வானத்திலிருந்து தெரியாது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரமாகத்தான் தெரியும். விண்மீன் வெடிப்பில் அது மிகக் கொஞ்சமாகவே உண்டாகும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். கென் அந்தப் புடைப்பைத் தற்செயல் என்று ஒதுக்கியிருந்தார். ஒன்றைச் செய்தி என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளுகிறவர்மேல் எனக்கு நம்பிக்கை வராது.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. கொதிக்கும் வாயுவில் கால்சியம் தன் எலெக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றை இழந்து நிற்கும். அப்போது அதன் மேடு கொஞ்சம் மேலே, அதிக ஆற்றல் பக்கமாக நகர்ந்திருக்கவேண்டும். உங்கள் மேடு நகரவே இல்லை. சூடில்லாத, குளிர்ந்த கால்சியம் எங்கே நிற்குமோ அங்கே நின்றது.

உனக்கு அந்த ரேடியோ நினைவிருக்கிறதா? நியாலாஸ் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் நீ பழைய ரேடியோ ஒன்றைக் கட்டி எழுப்பி, சாயங்காலமானால் ஒரு ரீங்காரம் கேட்கிறது, அது கப்பலிலிருந்து வருகிறது என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்தினால் அந்தக் கப்பலும் நின்றுபோவதை நான்தான் காட்டினேன். அன்றிலிருந்து எனக்கு நீ வைத்த பெயர் சந்தேகப் பிசாசு. ஆனால் உன் ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருப்பதாக நீ சொன்ன வாசகம் என்ன? முதலில் பெட்டியைச் சந்தேகப்படு, அப்புறம் வானத்தை. பிசாசு சொன்னதைத்தானே ஒட்டியிருந்தாய்?

கென்னுக்கு நானே போன் போட்டேன். கேள்வி மேல் கேள்வி கேட்டேன். வெற்று வானத்தைக் கருவி பார்த்ததா? இல்லை, மேலே இருந்ததே ஐந்து நிமிடம்தான், முழுவதும் அந்த மிச்சத்தின் மேலேயே போனது. திரும்பி வந்த பிறகு சோதித்தீர்களா? முடியவில்லை, பாராசூட் சரியாக விரியாமல் பாலைவனத்தில் மோதிச் சில்லு உடைந்துவிட்டது. ஏவுவதற்கு முன்? இங்கிலாந்தில் முழுச் சோதனை, சுத்தமாக இருந்தது. ஏவுதளத்தில் ஒரு நிமிடச் சோதனை, அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று மட்டும்.

அளவுகோல் என்று அவர் சொன்னது கருவியின் முகப்பில், நடுவே திறப்புள்ள மூடியின் விளிம்பில் பொருத்தும் கதிரியக்க இரும்பு. அது சிதைந்து மாங்கனீசாக மாறுவதால் மாங்கனீசின் எக்ஸ் கதிர் ஓயாமல் வந்து சில்லின் ஒரு மூலையில் விழும். அந்த மேடு இடம் மாறாமல் நின்றால் கருவி சரியாக அளக்கிறது என்று அர்த்தம். மூலையில் விழுவதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

கால்சியம் ஏன் குளிர்ந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டேன். பறக்கும்போது கருவி சூடாகி அளவு சற்று நகர்ந்திருக்கலாம் என்றார். மாங்கனீசு நகரவில்லையே, கால்சியம் மட்டும் தனியாக எப்படி நகரும் என்றேன். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அதை யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கென் நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்கிறேன், அப்போது எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. இறந்தவன் பெயரை முன்னால் போட்டால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறாரோ? அதையும் நாசூக்காகக் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. எழுதலாம் என்று இரண்டு வருடமாகத் தானே உன்னை நச்சரித்ததாகவும், நீதான் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறு என்று தள்ளிப்போட்டதாகவும் சொன்னார். ஏன் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவாயாம்.

அந்த இடத்தில் என் சந்தேகம் உன் பக்கம் திரும்பியது. நீ தள்ளிப்போடுகிற ஆளா? ரீங்காரம் கேட்ட அன்றைக்கே லயம் முழுக்கச் சொன்னவன் ஆயிற்றே.

இங்கிலாந்தில் சுத்தமாக இருந்த கருவி வானத்தில் சுத்தமாக இல்லை. நடுவில் அது எங்கே இருந்தது? சில்லு இருந்த தலைப்பகுதியை நீ கையோடு எடுத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனாய். போகிற வழியில் சுபாங் விமான நிலையத்தில் இறங்கி, முனியாண்டி அண்ணனின் லோரியில் ஏறி, நம் வீட்டுக்கு வந்தாய். மூன்று நாள் இருந்தாய். அது நவராத்திரி.

நானோ அந்த மூன்று நாளும் சோதனைத் தாள் திருத்துகிறேன் என்று பள்ளியிலேயே கிடந்தேன். ஆயுத பூசையன்று அந்தி சாய்ந்து வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. லோரி வாழைக்கன்று கட்டி நின்றது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. கூடத்தில் உன் கருவியின் வெள்ளிநிறப் பெட்டி ஒரு துணியின் மேல் பளபளவென்று இருந்தது. அதில் ஒரு பொட்டுக்கூட இல்லை. எனக்கு அது வியப்பாக இருந்ததாக ஞாபகம். அம்மா பொட்டு வைக்காமல் எதையும் விட்டதில்லை.

முனியாண்டி அண்ணனைத் தெரியாதவர்களுக்காக: அவர் நம் பக்கத்து வீட்டுக்காரர், செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருப்பவர், எல்லாருடைய பூசைக்கும் முதல் ஆளாக வந்து சுண்டலுக்குக் கடைசி ஆளாகப் போகிறவர். போன மாதம் வேலிக்கு அந்தப் பக்கம் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

“அண்ணே, அன்னிக்குத் தம்பி பெட்டிக்குப் பொட்டு வெச்சீங்களா?”

“வெச்சோம் லா. அம்மா துண்ணூறு பூசி, நான் சந்தனம் வெச்சு, குங்குமமும் வெச்சேன். ஏன், பெட்டி ஓடலியா? என் லோரி இன்னும் ஓடுது தங்கச்சி.”

“அப்புறம் யாரு துடைச்சா?”

“தம்பிதான். பஞ்சுல ஏதோ ஸ்பிரிட் ஊத்தி, ஒரு துளி விடாம துடைச்சிட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அம்மா மூஞ்சிய பாக்கணும் நீங்க.”

அம்மா முகத்தைப் பார்க்காமலேயே எனக்குத் தெரியும். ஆனால் வெளியே பூசியதைத் துடைத்துவிட்டாய். வெளியே பூசியது சில்லுக்குத் தெரியாது. பிறகு?

திருநீறு எதனால் ஆனது என்று யோசித்துப் பார்த்திருக்கிறாயா? என் கல்லூரித் தோழி ஜெயந்தி ஒரு தோட்டக் கம்பெனியின் மண் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். உரத்தையும் இலைச் சாம்பலையும் எக்ஸ் கதிர் பாய்ச்சி அளக்கும் கருவி அங்கே உண்டு. வீட்டுச் சாமி அலமாரியில் இருந்த திருநீற்றில் ஒரு சிட்டிகையை அம்மாவுக்குத் தெரியாமல் மடித்துக் கொண்டுபோனேன். பசாரில் வாங்கிய இன்னொரு பொட்டலமும் கொண்டுபோனேன். “நீ கோயிலுக்கே போகமாட்டே, இது என்னா புது பக்தி?” என்று ஜெயந்தி கேட்டாள். கருவிக்குள் வைக்கச் சொன்னேன்.

கடைத் திருநீற்றில் கால்சியம் மட்டும்தான் பெரிதாக வந்தது. சுண்ணாம்புத் தூளை நைசாக அரைத்து விற்கிறார்கள் போலிருக்கிறது. வீட்டில் இருந்தது நியாலாஸ் மாரியம்மன் கோயிலில் சாணம் சுட்டுக் கொடுப்பது. அதில் கால்சியம். பக்கத்தில் ஒரு சின்ன மேடு, பொட்டாசியம். ஃபேக்ஸ் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஜெயந்தி எட்டிப் பார்த்து, இதுவும் அதே சாம்பல்தானே, வேற கூடத்துல எடுத்தியா என்று கேட்டாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, உன்னைத் தவிர. விளிம்பில் இருந்த இரும்புக்குப் பக்கத்தில் எங்கோ கொஞ்சம் திருநீறு. இரும்பின் கதிர் அதில் பட்டு, அது தன் பங்குக்குக் கால்சியக் கதிரையும் பொட்டாசியக் கதிரையும் சில்லு முழுக்க வீசியிருக்கிறது. இரும்பின் கதிர் மூலையில் மட்டும் விழும். திருநீற்றின் கதிருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் நீங்கள் அதை வானத்திலிருந்து வந்ததாகக் கணக்கெடுத்தீர்கள். ஆனால் பெட்டியைத் திறந்தது யார்? அம்மாவா? நீ தூங்கும்போதா? ஸ்பிரிட் வைத்துத் துடைத்தவன் உள்ளே பார்க்காமலா விட்டிருப்பாய்?

சனிக்கிழமை மத்தியானம் அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து ஈக்கான் பிலிஸ் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன். நான் தானாக வந்து உதவினால் ஏதோ கேட்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

“அம்மா, அன்னிக்குத் தம்பி பெட்டிக்குத் துண்ணூறு வெச்சீங்கதானே?”

“எல்லாத்துக்கும்தான் வெச்சேன். தையல் மிசினுக்கு வெச்சேன், லோரிக்கு வெச்சேன். உன் ரோத்தான் பிரம்புக்குக்கூட வெச்சேன். நீ பிள்ளைங்கள அடிக்கிறது இல்லன்னு எனக்கென்ன தெரியும்.”

“உள்ள?”

அவர் கை நின்றது. மீன் தலை ஒன்று விரலிடுக்கில் இருந்தது. “அந்த வெள்ளைக்காரப் புள்ள எதாச்சும் சொல்லுச்சா?”

“நான் கேக்குறேன்.”

“சொல்லக்கூடாதுன்னு அவன் சொல்லியிருக்கான்.”

“யார்கிட்ட?”

“உன்கிட்டதான்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். நீ துடைத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லையாம், சும்மா பார்த்துக்கொண்டு நின்றாராம். அம்மா சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். நீ பஞ்சைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாயாம். சில்லு இருந்த உள்ளறையைத் தொடாமல், வெளி மூடியை மட்டும் திறந்தாயாம். கிண்ணத்தில் மோதிர விரலைத் தொட்டு, மூடியின் உட்பக்கம், விளிம்பில் ஒரே ஒரு கீற்று.

“இங்க வெச்சா ஒருத்தருக்கும் தெரியாதும்மா, இப்ப சந்தோசமான்னான். அக்காகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, துண்ணூற வானத்துக்கு அனுப்பினவன்னு ஆயுசுக்கும் சிரிப்பான்னான். சொல்லிட்டு அவனே சிரிச்சான்.”

நான் மீன் கிள்ளுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதற்கப்புறம் அவன் இதைப் பற்றி ஏதாவது பேசினானா?

அம்மா யோசித்தார். ஒரு தடவை, ராக்கெட் எல்லாம் போய் வந்து ரொம்ப நாளைக்குப் பிறகு, நீ போனில் கேட்டாயாம். “அம்மா, அன்னிக்கு வெச்சது கடையில வாங்கின துண்ணூறா, கோயில்ல குடுத்ததான்னு கேட்டான். நியாலாஸ் கோயில்லது, சாணம் சுட்டதுன்னு சொன்னேன். சரிம்மான்னு வெச்சிட்டான். சாமி நெனப்பு வந்திருச்சு புள்ளைக்குன்னு நான் எவ்ளோ சந்தோசப்பட்டேன் தெரியுமா.”

செல்வம், நீயும் அந்தப் புடைப்பைப் பார்த்திருக்கிறாய். நான் ஜெயந்தியின் கூடத்தில் கேட்ட அதே கேள்வியைத்தான் நீ போனில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். பெட்டியைச் சந்தேகப்பட்டிருக்கிறாய், பிசாசைப் போலவே. விடை தெரிந்தபின் அந்தக் கட்டுரையை நீ எழுதவும் இல்லை, எழுத விடவும் இல்லை. அது வரைக்கும் எனக்கு நிம்மதி.

அதற்கு அப்பால்தான் நிம்மதி இல்லை. கென்னிடம் ஏன் சொல்லவில்லை? அந்நியர் முன்னால் அம்மாவின் திருநீற்றைச் சொல்ல வெட்கமா? இல்லை, அம்மாவால் கெட்டது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்றா? இன்னொரு ராக்கெட் போனால் தானாகவே தெரிந்துவிடும், அதுவரைக்கும் பொறுக்கலாம் என்று இருந்தாயா? அந்த இன்னொரு ராக்கெட் போகவில்லை. உன் இதயமும் பொறுக்கவில்லை. நீ அந்தக் கீற்றை வைத்தது அம்மாவுக்காக மட்டும்தானா என்றும் கேட்கத் தோன்றுகிறது. அம்மா முகத்தைப் பார்த்து வைத்தவன், விரலை எடுக்கும்போது மனதில் ஒன்றும் நினைக்காமலா எடுத்திருப்பாய்? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதமாட்டேன்.

எல்லாவற்றையும் விட ஒன்று குத்துகிறது. கட்டுரையைச் சோதிக்கும் வல்லுநர்களைவிட என் சிரிப்புக்கு நீ பயந்திருக்கிறாய்.

கென்னிடம் அன்றைக்கே சொன்னேன். திருநீறு என்றால் என்ன என்று விளக்க என் ஆங்கிலம் போதவில்லை. சாணத்தைச் சுட்டு, கருவிகளுக்குப் பூசி, என்று ஆரம்பித்து எனக்கே வினோதமாகக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. உடைந்த கருவியின் மூடி இன்னும் அலமாரியில் இருக்கிறது, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

மறுநாள் கூப்பிட்டார். மூடியைத் திருப்பி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாராம். விளிம்பில் வெள்ளையாக ஒரு படிவு. தூசி விழுந்ததுபோல் சிதறி இல்லை, ஒரே பக்கமாக இழுத்தது போல இருக்கிறது, விரல் ரேகையின் வரிகள்கூடத் தெரிகின்றன என்றார்.  அவர் அழுதாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை.

கால்சியத்தைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார். சிலிக்கானும் கந்தகமும் உண்மையானவை, இருக்கவேண்டிய சூட்டின் இடத்தில் இருப்பவை, அவை இருக்கும். உன் பெயரும் இருக்கும். கால்சியத்துக்கு ஒரு வரி மட்டும்: அது வானத்தினுடையது அல்ல, மூடியினுடையது, இதை முதலில் சந்தேகித்து வெளியிடாமல் நிறுத்தியவர் செல்வம். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் சம்மதம் என்றேன்.

சங்கச் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுக்கே வந்துவிட்டார். ஊரே கொண்டாடுது டீச்சர், இதைப் போய் வெளிய சொல்லி யாருக்கு என்ன லாபம், வெள்ளைக்காரனே சும்மா இருந்தான், கூடப் பிறந்தவங்க நீங்க இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். ஆயுத பூசையை வைத்து நாலு பேர் கேலி பேசுவார்கள் என்றும் பயந்தார். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பரிசை நிறுத்தவேண்டாம், துணியில் இருக்கும் வாசகத்தை மட்டும் மாற்றுங்கள் என்றேன். என்னவென்று மாற்றுவது என்றார். தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்பட்டவன் என்று எழுதுங்கள் என்றேன். அது மேடைக்கு நல்லா இருக்காது லா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அம்மா கூடத்துக்கு வந்தார். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னை ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். போட்ட மாலையைத் திரும்பக் கழற்றுகிறேன் அல்லவா?

“அப்ப விண்மீன்ல சுண்ணாம்பு இல்லியா?” என்றார்.

“அவன் பாத்தது அது இல்லம்மா. நீங்க குடுத்த துண்ணூறுதான் கருவிக்குள்ள தெரிஞ்சிருக்கு.”

“துண்ணூறா தெரிஞ்சுச்சு?”

“ஆமாம்மா. அதுல எக்ஸ்ரே பட்டு மின்னியிருக்கு. அதத்தான் அது பதிவு பண்ணியிருக்கு.”

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“அப்ப அது மேல போச்சா?”

“போச்சும்மா.”

“எவ்ளோ நேரம் இருந்துச்சு?”

“அஞ்சு நிமிசம்.”

“அஞ்சு நிமிசம்,” என்று அவரும் சொல்லிப் பார்த்தார். பிறகு, “போதும் லா,” என்றார். எழுந்து, இருமிக்கொண்டே, விளக்கேற்றப் போனார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்டுபிடிப்பை இழந்துவிட்ட செய்தியோடு அவரிடம் போனவள் நான். அவர் எதையும் இழந்தவராகத் தெரியவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

இன்னும் சில வாரங்களில் நவராத்திரி. இந்த முறை சோதனைத் தாள் என்று சொல்லிப் பள்ளியில் ஒளியமாட்டேன். அம்மா ரோத்தானை எடுத்து வைக்கும்போது நானும் வீட்டில் இருப்பேன். கும்பிடுவேனா என்று கேட்காதே. பூசியதைத் துடைக்கமாட்டேன், அவ்வளவுதான். அடுத்த கருவி போகும்போது மூடியின் உட்பக்கத்தை நான் சொன்னேன் என்று இரண்டு முறை பார்க்கும்படி கென்னிடம் சொல்லியிருக்கிறேன். அதிலும் எனக்கு மாற்றமில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தரவேண்டியிருக்கிறது. நீ பயந்தது எதற்கு என்று இப்போது தெரியும். அதை ஊர் அறிய எழுதித் தருகிறேன்: தம்பி, நான் சிரிக்கவில்லை. இனியும் சிரிக்கமாட்டேன்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னால் தெரிந்துகொண்ட
உன் அக்கா
லெட்சுமி
புக்கிட் காத்தில், மலாக்கா